மூன்றாவது இறக்கை

அத்தியாயம் 11

குழு வரும் நாள் வந்தேவிட்டது.

லோர்னா டீட்ஸ் காரை நிறுத்திவிட்டு, இறங்க மனமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். காலை ஏழேகால். வண்டிகள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் மார்ச் மாதத்துப் பனி உப்பும் கரியுமாகக் கறுத்துக் குவிந்து கிடந்தது. முந்தைய ராத்திரி நான்கு மணி நேரம் படுத்திருந்தாள். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது.

கெல்லர் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல், விண்வெளிப் பொறியியல் துறைக்கு அவள் தலைவியாகி ஆறு வருடம். விண்வெளிப் பிரிவை மூடிவிட்டு மிச்சத்தைக் கட்டடப் பொறியியலோடு சேர்த்துவிடலாமா என்று டீன் யோசிப்பதாக ஜனவரியில் கடிதம் வந்தது. வெளியிலிருந்து மூன்று பேர் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. அந்த மூன்று பேருக்காக லோர்னா ஐந்து வாரம் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினாள். அதில் ‘துறையின் வலிமைகள்’ என்ற பகுதியை மட்டும் ஒன்பது தடவை திருத்தி எழுதியிருந்தாள்.

இதற்கு நடுவில் மகளோடு சண்டை. மேரன் அதே துறையில் நான்காம் வருடம் படிக்கிறாள். குழுவோடு பேசப்போகும் ஒன்பது மாணவர்களைக் குலுக்கிப் போட்டு எடுத்தபோது அவள் பெயரும் வந்துவிட்டது. அப்பாவின் குடும்பப் பெயரான ஆல்டஸைப் போட்டுக்கொள்கிறவள் என்பதால் யாருக்கும் தெரியப் போவதில்லை. “நீ என் பொண்ணுன்னு சொல்லிக்காத. சொன்னா நீ பேசற எதையும் நம்ப மாட்டாங்க,” என்றாள் லோர்னா, போன ஞாயிற்றுக்கிழமை. “சொல்லாம இருந்தா மட்டும் அது என்னவாம்?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போன மேரன், நான்கு நாளாக வீட்டுப் பக்கம் வரவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. தம்பி கோர்டன்.

“எங்க இருக்க?”

“வாசல்லதான். கார்ல.”

“மாடிக்குப் போகாத. நேரா கீழ வா.”

“என்ன ஆச்சு?”

“வான்னு சொல்றேன்ல, லோர்னா.”

அவள் இறங்கினாள்.

அந்தக் கட்டடத்தின் அடித்தளம் முழுக்க ஒரு பெரிய குழாய் வளைந்து சுற்றி வருகிறது. அதுதான் துறையின் காற்றுச் சுரங்கம். ஒரு பக்கம் விசிறி. எதிர்ப்பக்கம் கண்ணாடி போட்ட சின்ன அறை. விமானத்தின் சிறகோ லாரியின் மூக்கோ, எதைச் சின்னதாகச் செய்து உள்ளே வைத்தாலும், காற்று அதை என்ன பாடுபடுத்தும் என்று பார்த்துவிடலாம். பதினெட்டு வருடமாக அதை ஓட்டுவது கோர்டன். லோர்னாவின் பட்டியலில் முதல் வலிமை அதுதான். ‘அறுபது ஆண்டுகளாக இயங்கிவருவது, நன்கு பராமரிக்கப்படுவது’ என்று எழுதியிருந்தாள். மதியம் இரண்டு மணிக்குக் குழுவின் முன்னால் அது ஓட வேண்டும்.

கோர்டன் விசிறிப் பக்கத்துக் கதவைக் கழற்றி வைத்திருந்தான். உள்ளே விளக்கு எரிந்தது. ஆறு அலுமினிய இறக்கைகள், ஒவ்வொன்றும் இடுப்பளவு உயரம்.

“மூணாவது,” என்றான். “அடியில பாரு.”

இறக்கை விசிறியின் நடுக்குடத்தோடு சேரும் இடத்தில், விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயம் போட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி பூசியிருந்தது. பொடியின் மேல் சிவப்பாக ஒரு கோடு கசிந்து நின்றது. தலைமுடி அளவுதான்.

லோர்னாவுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உலோகத்தில் விரிசல் எப்படி விழுகிறது, விழுந்தது எப்படி வளர்கிறது என்பதுதான் முப்பது வருடமாக அவள் படித்ததும் பாடம் நடத்தியதும்.

“எப்ப பாத்த?”

“ஆறு மணிக்கு. பெரிய மனுஷங்க வர்றாங்களே, துடைச்சு வைக்கலாம்னு ஏறினேன். விரல்ல என்னமோ தட்டுப்பட்டுது. அழுக்குன்னுதான் நினைச்சேன்.”

“சாயம் போட்டது ஒரு தடவைதானா?”

“ரெண்டு தடவை. கழுவிட்டு மறுபடி போட்டேன். அதே எடம்.”

அவள் அவன் சட்டைப் பையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தாள். “பதினொரு மில்லி.”

“பதினொண்ணரைன்னு வெச்சுக்கோ.”

அவள் அளவுகோலைத் திருப்பிக் கொடுத்தாள். விரிசல் இத்தனை நாள் கண்ணில் படாததற்குக் காரணம் இரண்டு பேருக்கும் தெரியும். வருடா வருடம் அக்டோபரில் விசிறியை இரண்டு வாரம் நிறுத்தி இறக்கை இறக்கையாகச் சோதிக்க வேண்டும். போன அக்டோபரில் கடைசி வருட மாணவர்களின் சோதனைகள் வரிசை கட்டி நின்றன. வெளிக் கம்பெனி ஒன்றின் வேலையும் இருந்தது. கோர்டன் நிறுத்தத்தான் வேண்டும் என்றான். லோர்னாதான் பதிவேட்டை வாங்கி, ‘வசந்த விடுமுறைக்குத் தள்ளிவைக்கலாம்’ என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எட்டரை மணிக்குத் துணை டீன் கர்டிஸ் பென்லி வந்தார். புதுக் கோட்டு, கையில் டோனட் பெட்டி. விஷயத்தைக் கேட்டதும் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டார்.

“முழு வேகத்துல ஓட்டணும்னு யார் சொன்னா? பாதிக்கும் குறைவா, அஞ்சு நிமிஷம். ஓடுதுன்னு காட்டினா போதும். அவங்க உள்ள ஏறி இறக்கையத் தடவியா பாக்கப் போறாங்க?”

கோர்டன் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

“லோர்னா, நீங்க சொல்லுங்க. இது உங்க சப்ஜெக்ட்தானே? தாங்குமா, தாங்காதா?”

லோர்னா ஒரு கடித உறையைத் திருப்பிப் போட்டு மேஜை மேல் வைத்துக் கணக்குப் போட்டாள். நாற்பது சதவீத வேகம் என்றால் இறக்கையை வெளியே இழுக்கும் விசை ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். பதினொன்றரை மில்லி நீளம். இந்த வகை அலுமினியம். எண்கள் பழக்கப்பட்ட ஊர்க்காரர்கள் மாதிரி வந்து நின்றன. இரண்டாவது தடவை சரிபார்த்தாள்.

“தாங்கும்,” என்றாள்.

“அவ்வளவுதான் விஷயம்,” என்றார் கர்டிஸ்.

“எவ்ளோ ஆழம்?” என்று கேட்டான் கோர்டன்.

லோர்னா பென்சிலைக் கீழே வைத்தாள்.

“நீளத்த அளந்தோம். ஆழம் எவ்ளோன்னு போட்ட?”

“நீளத்துல பாதின்னு வெச்சேன். வழக்கமா அப்படித்தான் இருக்கும்.”

“வழக்கமா. சரி. ரெண்டு மணிக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எத்தன பேர் நிப்பாங்க?”

“பன்னண்டு பேர் இருக்கும்.”

கோர்டன் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினான். “இந்தா, தலைவியம்மா. உன் கணக்கு. நீ ஓட்டு. நான் வெளிய நிக்கறேன்.”

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. ஒன்பது வயதில் சைக்கிள் செயின் அறுந்தபோதும் இதே குரலில்தான், இதில் ஏறாதே என்றான்.

கர்டிஸ் சாவியைப் பார்த்தார். லோர்னாவைப் பார்த்தார். “சுரங்கம் ஓடலன்னா விண்வெளிப் பிரிவுக்கு இங்க என்னதான் இருக்குன்னு கேப்பாங்க. நல்லா யோசிச்சுக்கோங்க. சுரங்கமே இல்லாத எடத்துல கோர்டனுக்கு என்ன வேலைன்னு அடுத்த கேள்வி வரும்.”

“கேக்கட்டும்,” என்றாள் லோர்னா. “சாவிய வெச்சுக்கோ கோர்டன். ஓட்டல. கதவத் திறந்தபடியே வை. விரிசலக் காட்டிடறோம்.”

கர்டிஸ் டோனட் பெட்டியை எடுக்க மறந்து போய்விட்டார். கோர்டன் திறந்து ஒன்றை அக்காவிடம் கொடுத்தான். அவள் கடித்தாள். மென்றாள். ருசி தெரியவில்லை.

*

பன்னிரண்டு மணிக்கு, மூன்றாவது மாடியில், மேரன் ஆறிப்போன பீட்சாத் துண்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

குழுவின் தலைவி ஹெஸ்டர் ப்ரூயிட் எதிரில் இருந்தார். அறுபது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, பனிக்கான கனத்த பூட்ஸ், கையில் பென்சில். பேனா வைத்துக்கொள்ளாத பேராசிரியையை மேரன் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மற்ற மாணவர்கள் நன்றாகவே பேசினார்கள். வகுப்பில் கூட்டம் குறைவு. இரண்டாம் வருடத்திலேயே கடைசல் இயந்திரத்தில் நிற்க விடுகிறார்கள். கடைசி வருடத்தில் விமானமோ எஞ்சினோ சொந்தமாக ஒன்று செய்தே ஆக வேண்டும். போன வருடம் முடித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பட்டம் வாங்கும் முன்பே வேலை.

ப்ரூயிட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். “இதெல்லாம் அறிக்கையிலயே இருக்கு. உங்க துறைத் தலைவர் நல்லாவே எழுதியிருக்காங்க. அதுல இல்லாதது ஏதாவது சொல்லுங்க.”

குளிர்பானத்தை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“நான் சொல்றேன்,” என்றாள் மேரன். “அதுக்கு முன்னாடி ஒண்ணு. துறைத் தலைவர் என் அம்மா. நான் சொல்றத கோடு போட்டு அடிச்சுடணும்னா அடிச்சுக்கோங்க.”

பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அது தெரியாது. மூன்று வருடமாக ஒரே மேஜையில் வேலை செய்கிறவன்.

ப்ரூயிட்டின் முகம் மாறவில்லை. “சொல்லு. அடிக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பாத்துக்கறேன்.”

“எல்லாரும் களைச்சுப் போயிருக்காங்க. நான் சேந்தப்ப பதினாறு புரொபசர். இப்ப பதினொரு பேர். போனவங்க எடத்துக்கு யாரும் வரல. அவங்க வகுப்ப எல்லாம் இருக்கறவங்களே எடுக்கறாங்க. ஒருத்தர் போன மாசம் போர்டுல பாதி எழுதிட்டு நின்னுட்டார். எந்தப் பாடம்னு மறந்துடுச்சு அவருக்கு. நாங்கதான் சொன்னோம். எங்கம்மா தட்டு முன்னாடி உக்காந்தபடியே தூங்கிடறாங்க.”

பென்சில் ஓடியது.

“சரி. இது பலவீனம். நான் கேட்டது வலிமை.”

மேரன் பீட்சாத் தட்டைத் தள்ளி வைத்தாள். சொல்ல நினைத்து வந்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

“ரெண்டாவது வருஷம் ஒரு சோதனையில எனக்கு வந்த எண் புத்தகத்தோட ஒத்துப்போகல. நான் கொஞ்சம் தட்டிக் கொட்டி ஒத்துப்போற மாதிரி எழுதிட்டேன். அன்னிக்கு லேபப் பாத்துக்கிட்டவர், ‘இது உனக்கு வந்த எண்ணா, புத்தகத்துக்கு வந்த எண்ணா?’ன்னு கேட்டார். திட்டல. மார்க் குறைக்கல. கூடவே உக்காந்து மறுபடி செய்ய வெச்சார். மூணு சனிக்கிழம. அவரோட சனிக்கிழம. கடைசியில பாத்தா அளக்கற கருவிதான் தப்பு. நாலு வருஷமா எல்லாரும் தட்டிக் கொட்டித்தான் எழுதியிருக்காங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் எங்க செட்ல யாரும் எண்ணத் திருத்தினதில்ல. இங்க யாரும் எங்ககிட்ட, தெரியாதத தெரியும்னு சொன்னதில்ல. தூக்கத்துல இருந்தாலும் சரி, அளந்தது என்னவோ அதத்தான் எழுதணும்பாங்க. மத்த காலேஜ்ல எப்படின்னு எனக்குத் தெரியாது.”

ப்ரூயிட் ஒரு வரியை எழுதி முடித்து, அதன் கீழே கோடு போட்டார்.

மேரன் வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் குனிந்து குடித்தாள். அம்மாவை விட்டுக்கொடுத்துவிட்டோமா, தூக்கி வைத்துவிட்டோமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

*

இரண்டு மணிக்குக் குழு அடித்தளத்துக்கு வந்தது.

ஓடுகிற சுரங்கத்தைப் பார்க்க வந்தவர்களுக்குத் திறந்து கிடக்கும் விசிறியைக் காட்டினாள் லோர்னா. இன்று காலை இதைக் கண்டோம், அதனால் ஓட்டவில்லை என்று இரண்டு வரியில் சொன்னாள். மூன்று நாளாகத் தயார் செய்து வைத்திருந்த அரை மணிப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

ப்ரூயிட் கோட்டைக் கழற்றிக் குழுவில் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சோடு உள்ளே ஏறினார். கர்டிஸின் முகத்தை லோர்னா பார்க்காமல் இருந்தாள்.

“யார் கண்டுபிடிச்சது?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“நான்தான்,” என்றான் கோர்டன்.

“கண்ணுல படறதே கஷ்டம். நல்ல வேலை.” இறங்கி வந்து கையில் ஒட்டிய பொடியைத் தட்டிவிட்டுக்கொண்டார். “முழு சோதனை கடைசியா எப்ப பண்ணீங்க?”

லோர்னா வாயைத் திறந்தாள்.

“ஒண்ணரை வருஷம் ஆச்சு,” என்றான் கோர்டன். “போன அக்டோபர்ல பண்ணியிருக்கணும். நான் தள்ளிப் போட்டுட்டேன்.”

“நீங்களா?”

“வேலை ஜாஸ்தியா இருந்துது. என் தப்புதான்.”

ப்ரூயிட் குறித்துக்கொண்டார். லோர்னா அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘இல்லை, நான்’ என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த நேரம் வந்து, நின்று, போய்விட்டது. மேலே காப்பி தயாராக இருக்கிறது என்றார் கர்டிஸ். எல்லோரும் நகர்ந்தார்கள். அவளும் நகர்ந்தாள்.

படியேறும்போது, மேலே போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மேலே போனாள். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டாள். யாரோ மாணவர் சேர்க்கையைப் பற்றிக் கேட்டார்கள். பதில் சொன்னாள். களைப்பு, வேறொன்றுமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். களைப்பு மட்டும் இல்லை என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கீழே கோர்டன் விசிறிக் கதவை மாட்டித் திருகிக்கொண்டிருந்தான். எட்டு திருகுகள். எதையும் அவசரமாக முடுக்கவில்லை.

*

நான்கு மணிக் கூட்டத்தில் துறையின் பதினொரு பேரும் உட்கார்ந்தார்கள். கர்டிஸ் டீனின் சார்பில் வந்திருந்தார். கோர்டனைக் கூப்பிடவில்லை. பணிமனை ஆட்களை இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

“எழுத்துல முழு அறிக்கை மூணு வாரத்துல வரும்,” என்றார் ப்ரூயிட். “இப்ப சுருக்கமா வாசிக்கறேன். இதுக்குப் பதில் யாரும் சொல்ல வேண்டியதில்ல.”

முதலில் குறைகள். ஆசிரியர் பற்றாக்குறை. பழைய கருவிகள். காற்றுச் சுரங்கம் சீர்செய்யப்படும் வரை மூடப்பட வேண்டும். சோதனை தள்ளிப்போனதற்குக் காரணம் தொழில்நுட்பப் பணியாளரின் கவனக்குறைவு.

கர்டிஸ் தலையாட்டினார். லோர்னாவின் காது சுட்டது.

“அடுத்து வலிமைகள். நீங்க ஏழு எழுதியிருந்தீங்க. நாலை ஒத்துக்கறோம். நீங்க எழுதாத ஒண்ண நாங்க சேத்திருக்கோம். முதல் இடமே அதுக்குத்தான் குடுத்திருக்கோம்.” அவர் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தார். “ஒரு மாணவி சொன்னது. தான் யாருங்கறத முதல்லயே சொல்லிட்டுத்தான் சொன்னா. அவ வார்த்தையிலயே வாசிக்கறேன். ‘இங்க யாரும் எங்ககிட்ட, தெரியாதத தெரியும்னு சொன்னதில்ல. அளந்தது என்னவோ அதத்தான் எழுதணும்பாங்க.’”

மூன்று சனிக்கிழமைகளைக் கொடுத்த அந்த ஆசிரியர், மேஜைக் கோடியில், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

யாருடைய வார்த்தை அது என்று லோர்னாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ‘எழுதணும்பாங்க’ அவள் வீட்டுச் சமையலறையில் வளர்ந்தது.

“ஒரு திருத்தம்,” என்றாள்.

“பதில் வேண்டாம்னு சொன்னேனே.”

“பதில் இல்ல. தப்பா ஒண்ணு எழுதியிருக்கீங்க. சோதனையத் தள்ளிப் போட்டது கோர்டன் இல்ல. நான்.”

“லோர்னா,” என்றார் கர்டிஸ், “இத அப்புறமா நாம தனியா…”

“பதிவேடு கீழ இருக்கு. அக்டோபர் ஒம்பது. என் கையெழுத்து. அவன் வேண்டாம்னு சொன்னான், நான் கேக்கல. அறிக்கையில ‘நன்கு பராமரிக்கப்படுவது’ன்னு எழுதினதும் நான்தான். எழுதும்போது எனக்குத் தெரியும்.”

ப்ரூயிட் அவளை நிதானமாகப் பார்த்தார். “மத்தியானம் ஏன் சொல்லல?”

“சொல்லல. அவ்வளவுதான்.”

ப்ரூயிட் பென்சிலைத் திருப்பி, ஒரு வரியை அழித்தார். ரப்பர் தேயும் சத்தம் அந்த நீள மேஜையின் கடைசி வரை கேட்டது. புதிதாக எழுதினார். அவர் முகத்தில் பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை.

“அந்த முதல் இடம் அதுக்கே இருக்கணுமான்னு நாங்க மூணு பேரும் மறுபடி பேசணும்,” என்றார். “இதுக்கு மேல இன்னிக்கு ஒண்ணும் சொல்லறதுக்கில்ல.”

நடைவழியில் கர்டிஸ் அவளை நிறுத்தினார். காலையில் இருந்த அவசரம் இப்போது அவரிடம் இல்லை. “நாளைக்கு ஒன்பது மணிக்கு டீன் உங்களப் பாக்கணுங்கறார். கோர்டனையும்.”

“சரி.”

“நான் உங்களுக்கு நல்லது பண்ணத்தான் பாத்தேன், லோர்னா.”

அவர் சொன்னது ஓரளவு உண்மை என்றே அவளுக்குத் தோன்றியது. அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

*

ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. மேரன் அடுப்படியில் நின்றிருந்தாள். பீன்ஸும் இறைச்சியும் போட்ட நேற்றைய சில்லிக் குழம்பு சூடாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்பகெட்டி வெந்துகொண்டிருந்தது.

“உக்காரு,” என்றாள் மேரன். “கோட்டக் கழட்டிட்டு உக்காரு.”

லோர்னா கோட்டோடேயே உட்கார்ந்தாள்.

“நான் அவங்ககிட்ட சொல்லிட்டேன்மா. உன் பொண்ணுன்னு.”

“தெரியும். வாசிச்சாங்க.”

“எதையெல்லாம் வாசிச்சாங்க?”

“கடைசியில சொன்னத.”

மேரன் கரண்டியால் கிளறினாள். “அதுக்கு முன்னாடி நீ தட்டுல தூங்கறதச் சொன்னேன். அதுக்கு வேணா திட்டிக்கோ.”

“பொய்யா சொன்ன? திட்டறதுக்கு.”

மேரன் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, அம்மாவின் ஒரு கையைக் கோட்டிலிருந்து உருவினாள். பிறகு மற்றக் கை. குழந்தைக்குக் கழற்றுவது மாதிரி இருந்தது.

வாசலில் டிரக் வந்து நின்றது. கோர்டன் காலில் ஒட்டிய பனியைத் தட்டாமலே உள்ளே வந்தான். பூட்ஸின் ஈரம் தரையில் கோடு போட்டது. வழக்கமாக அப்படி வருகிறவன் இல்லை.

“எதுக்கு சொன்ன?” என்றான்.

“நீ எதுக்கு சொன்ன?”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. கர்டிஸ் பணிமனைக்கு வந்து சொல்லிட்டுப் போறார். அவ்வளவு அழகா முடிஞ்ச விஷயம். ஒரு வரி. யாரோ ஒரு மெக்கானிக் மறந்துட்டான். மூணு வாரத்துல எல்லாரும் மறந்திருப்பாங்க. நீ என்னடான்னா பதினொரு பேரு முன்னாடி எழுந்து நின்னு…”

“உக்காந்துதான் சொன்னேன்.”

மேரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். கோர்டன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவன் முன்னாலும் ஒரு கிண்ணம் வந்தது.

“உன் வேலை போயிருக்கும் கோர்டன். அந்த ஒரு வரியில.”

“போயிருக்காது.”

“எப்படிப் போகாம இருக்கும்? சுரங்கத்த மூடறாங்க. கவனக்குறைவுன்னு எழுத்துல வேற குடுக்கறாங்க.”

கோர்டன் உப்பு பிஸ்கட்டைச் சில்லிக்குள் நொறுக்கிப் போட்டான். ஒன்று. இரண்டு. மூன்றாவதையும் போட்டான்.

“ஏப்ரல் முப்பதோட நான் கிளம்பறேன்,” என்றான். “ஜனவரியிலயே எழுதிக் குடுத்துட்டேன். காலேஜ் ஆபீஸ்ல. கர்டிஸுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் காலையில என் வேலையச் சொல்லி உன்ன மிரட்டினார். போறவன் மேல விழுந்தா யாருக்கு என்ன நஷ்டம்னுதான் சொன்னேன். உன்னோடது அப்படியில்ல.”

லோர்னா கரண்டியைப் பிடித்தபடி இருந்தாள். பதினெட்டு வருடம். தினமும் காலையில் அவன் டிரக் தன் காருக்கு முன்னால் வந்து நின்றிருக்கும். அதைப் பார்த்துத்தான் அவள் இறங்குவாள்.

“என்கிட்ட சொல்லல.”

“நீ எழுதிட்டு இருந்த. துறையில என்னவெல்லாம் நல்லா இருக்குன்னு. அந்த நேரத்துல வந்து என்னத்தச் சொல்ல?”

ஸ்பகெட்டிப் பாத்திரத்தின் மூடி தடதடத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

“ஏன் போற?”

அவன் பிஸ்கட்டைக் கரண்டியால் அழுத்தி மூழ்கடித்தான்.

“எங்க போற, கோர்டன்?”

கோர்டன் அக்காவைப் பார்க்கவில்லை. மேரனைப் பார்த்தான்.

மேரன் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து உட்காராமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்களே சொல்லிடுங்க மாமா,” என்றாள். “ரெண்டு மாசமா மனசுக்குள்ளயே வெச்சிருக்கேன். இதுக்கு மேல என்னால முடியாது.”